முப்பதுக்கு இருபத்தெட்டு

அக்கா, அந்தக் கதவு உள்ள தாப்பா போட்டிருக்கா, இல்ல சும்மா சாத்தி வச்சிருக்கா? இல்லல்ல, நான் உள்ள போகப் போறதில்ல. கூட வந்தவங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அது சரிதான். அதுதான் முறை. நானே எத்தனையோ வீட்ல சொல்லியிருக்கேன், "பொண்ணோ மருமகளோ, யாரா இருந்தாலும் கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு. பக்கத்துல ஆள் இருந்தா பெரியவங்க அவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பதில் சொல்லுவாங்க. டெஸ்ட் கெட்டுப் போயிடும்.

கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா? உங்க வீட்டுக்காரர்தான் அடுத்த டோக்கனா? பதினேழா? எங்கப்பா பதினாறு. அரை மணி நேரம் ஆகும்க்கா, முக்கா மணி கூட ஆகலாம். உள்ள என்ன கேப்பாங்கன்னு எனக்கு வரிக்கு வரி தெரியும். இந்நேரம் தேதி, கிழமை கேட்டு முடிச்சிருப்பாங்க. நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லிட்டிருப்பாங்க. தொண்ணூத்திமூணு, எம்பத்தாறு... அங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க. நல்லா இருக்கிறவங்களே தடுமாறுவாங்க. அதை வச்சு எதுவும் சொல்லிட முடியாது.

நான் நர்ஸ் இல்லக்கா. சைக்காலஜி. பி.ஹெச்டி பண்றேன், நாலாவது வருஷம். வயசானவங்களோட ஞாபக சக்திதான் என் தலைப்பு. ரிட்டையர் ஆனவங்க இருநூறு பேர், வீடு வீடாப் போயி, ஒவ்வொருத்தரோடயும் உக்காந்து டெஸ்ட் குடுத்து, முப்பதுக்கு எத்தனைன்னு மார்க் போட்டு வச்சிருக்கேன். அதோட, எம்.எஸ்சி. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு பிராக்டிகல் நான்தான் எடுக்கிறேன். எப்படி டெஸ்ட் குடுக்கணும், எப்படி உக்காரணும், எப்படிக் கேக்கணும். கேக்கிறதுன்னா கேள்வி கேக்கிறது இல்ல, காது குடுத்துக் கேக்கிறது. அது ஒரு தனிப் பயிற்சி. எல்லாருக்கும் வராது. எனக்கு இயல்பாவே உண்டுன்னு எங்க கைடு சொல்லுவாங்க... என்னக்கா? ஆமா, உங்க வீட்டுக்காரருக்கும் மறதிதான இருக்கும், இந்த ரூமுக்கு வேற எதுக்கு வரப் போறாங்க. இருங்க, இதை முடிச்சிடுறேன்.

எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். எந்த பஸ் எத்தன மணிக்கு வந்துச்சு, எத்தன மணிக்குக் கெளம்புச்சுன்னு எழுதுற வேலை. முப்பத்திரண்டு வருஷம். துறையூருக்கு எத்தனை மணிக்கு, பெரம்பலூருக்கு எத்தனை மணிக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. இன்னைக்கும் சொல்லுவாரு. எங்க தெருவுல யாரும் போன்ல பாக்க மாட்டாங்க, அப்பாவத்தான் கேப்பாங்க. இப்பக் கொஞ்ச நாளாக் கேக்கிறதில்ல. அவரு சொன்ன நாலு பத்து பஸ்ஸ நம்பி ஒரு பாட்டியம்மா போயி நின்னுச்சு. அந்த பஸ்ஸ நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆச்சாம். நான் என்ன சொன்னேன்னா, நேரத்தை மாத்தினா ரிட்டையர் ஆனவருக்கு யாரு வந்து சொல்லுவாங்க? அவரு மேல என்ன தப்பு?

இந்த டெஸ்ட்டை நான் கத்துக்கிட்டதே அவரை வச்சுத்தான். அம்மா போனப்புறம் வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். சாயந்தரம் காலேஜ்லேருந்து வந்து, காபி குடிச்சிட்டு, "அப்பா, ஆரம்பிக்கலாமா"ம்பேன். சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நாற்காலியில உக்காருவாரு. வீட்டுக்குள்ள என்னத்துக்குச் சட்டைன்னா, "டெஸ்ட்டுக்கு ஒரு மரியாதை வேணாமா"ம்பாரு. அஞ்சு வார்த்தை சொல்லுவேன், அஞ்சு நிமிஷம் கழிச்சு அதைத் திருப்பிச் சொல்லணும். ஒரு வீடு வரையணும். கழித்தல் கணக்கு. இருபத்தெட்டு எடுப்பாரு. எப்பவும் இருபத்தெட்டு. ஒரு தடவை இருபத்தொம்பது. எழுபத்தோரு வயசுக்கு அது எப்பேர்ப்பட்ட மார்க்குன்னு உங்களுக்குத் தெரியாது. நான் டிபார்ட்மெண்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

அங்கதான் வந்துச்சு வினை.

மதலைமேரின்னு ஒரு பொண்ணு, என் பிராக்டிகல் வகுப்புல. லால்குடிப் பக்கம். சத்தமே இல்லாத பொண்ணு. எல்லாரும் ஒரு டெஸ்ட்டை இருபது நிமிஷத்துல முடிச்சா இவளுக்கு நாப்பது நிமிஷம். ஒவ்வொண்ணுக்கும் காத்துக்கிட்டே இருப்பா. ஆகஸ்ட் மாசம் எல்லாரும் ஆளுக்கு ஒரு பெரியவருக்கு டெஸ்ட் குடுத்து ரெக்கார்ட் எழுதணும். இவ பாத்து வச்சிருந்த பெரியவர் மக வீட்டுக்கு மெட்ராஸ் போயிட்டாரு. திங்கக்கிழமை ரெக்கார்ட் வைக்கணும், இவ சனிக்கிழமை காலையில எனக்கு போன் பண்ணி அழுவுறா. நான்தான் சொன்னேன். நானே வாயத் தொறந்து சொன்னேங்க்கா, "எங்க வீட்டுக்கு வா, எங்கப்பாவ வச்சு எழுதிக்கோ. இருபத்தெட்டு எடுப்பாரு, உனக்கும் அழகா ரெக்கார்ட் முடியும்"ன்னு.

வந்தா. செருப்ப வாசல்ல ஓரமா விட்டுட்டு வந்து உக்காந்தா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "மேடம், அய்யா இந்த டெஸ்ட்டை முன்னாடி எடுத்திருக்காங்களா?" எடுத்திருக்காருன்னேன். தலையாட்டிட்டு பையிலேருந்து தாளை எடுத்தா. நான் டீ போட உள்ள போயிட்டேன்.

அடுப்படியிலேருந்து கேக்குது. "அய்யா, இன்னைக்கு என்ன கிழமைங்க?" அப்பா சொல்றாரு, "ஏம்மா, டைம் கீப்பர்கிட்டயே கிழமை கேக்குறியா?" நான் உள்ள நின்னு சிரிக்கிறேன். "என்ன மாசம்ங்கய்யா?" "வெயில் அடிக்கிற மாசம்." அப்பா அப்படித்தான், ஒரே கிண்டல். இவ சிரிக்க மாட்டேங்குறா. காத்துக்கிட்டு இருக்கா. பேனா சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் வார்த்தை. நான் டம்ளரோட வெளிய வர்றேன், அப்பா நிமிந்து உக்காந்து கணீர்னு சொல்றாரு: "கிளி, சாவி, பந்தல், நெய், கடிதம்." அஞ்சும்! என் மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சேன்.

அவ ரெக்கார்ட்ல பதினஞ்சுன்னு எழுதியிருந்தா.

முப்பதுக்குப் பதினஞ்சுக்கா! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. பொரட்டிப் பாத்தா, அவ குடுத்திருக்கிறது பி ஃபாரம். இந்த டெஸ்ட்ல ஏ, பி-ன்னு ரெண்டு ஃபாரம் உண்டு. ரெண்டும் ஒரே மாதிரிதான், வார்த்தை மட்டும் வேற, ஏ-யில வீடு வரையணும், பி-யில கடியாரம் வரையணும். பி ஃபாரத்துல இருக்கிற வார்த்தை குடை, பாறை, ஏணி, உப்பு, மல்லிகை. அப்பா சொன்னது ஏ ஃபாரத்து வார்த்தை. அதுக்கு இந்தப் பொண்ணு பூஜ்யம் போட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க, அஞ்சு வார்த்தையும் ஒண்ணு விடாமச் சொன்னவருக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதுவாங்களா? அவரு சொன்ன பதில் சரி, இவ கேட்ட கேள்விதான் தப்பு. நான் அப்படித்தான் நினைச்சேன். அப்படித்தான் அவகிட்டயும் சொன்னேன்.

செவப்பு மையில, "டெஸ்ட் கொடுத்த முறை தவறு"ன்னு குறுக்க எழுதி இருபதுக்கு ஆறு போட்டேன்.

சண்டை போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அவ சண்டை போடல. மறுநாள் வந்து நிக்கிறா. "மேடம், எந்த இடத்துல தப்புன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை திருத்திக்கிறேன்." குரல் பத்தலன்னேன். அவரு வயசானவரு, காது மந்தம், நீ முனகினா எப்படிக் கேக்கும்னேன். எங்கப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும், அது வேற விஷயம். போயிட்டா. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. "மேடம், குரல் சரி பண்ணிக்கிறேன். ஃபாரம் மாத்தினது தப்புங்களா?" ஏன் மாத்தினன்னு கேட்டேன். "ஏற்கனவே ஏ எடுத்தவங்களுக்கு பி குடுக்கணும்னு நீங்கதான் மேடம் ஜூலையில சொன்னீங்க. பழகின டெஸ்ட்ல வர்ற மார்க் ஞாபகத்துக்கு வர்ற மார்க் இல்ல, பழக்கத்துக்கு வர்ற மார்க்குன்னு போர்டுல எழுதிப் போட்டீங்க"ங்கிறா. நோட்டத் திறந்து காட்டுறா. தேதியோட எழுதி வச்சிருக்கா. "எனக்கே சொல்லித் தர்றியா"ன்னு கேட்டேன்.

கதவு திறக்குதா? இல்ல, காத்துதான்.

அவ கைடுகிட்டப் போயிட்டா. குணவதி மேடம்னு எங்க கைடு. புகார் சொல்லப் போகல, அது எனக்குத் தெரியும், எங்க தப்புன்னு கேக்கத்தான் போனா. ஆனா எனக்கு அன்னைக்கு அப்படித் தோணல. மேடம் கூப்பிட்டு விட்டாங்க. போனா, மேசை மேல அந்த ரெக்கார்ட் விரிச்சிருக்கு, பக்கத்துல இவ நிக்கிறா. மேடம் பக்கத்தப் பொரட்டிக்கிட்டே வந்து கடியாரப் படத்துல நிறுத்தினாங்க. நான் அதைச் சரியாப் பாத்ததே அப்பத்தான்க்கா. அதுவரைக்கும் மார்க்கத்தான் பாத்தேன். வட்டம் நல்லா போட்டிருக்காரு. ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எல்லா எண்ணையும் வலது பக்கமே நெருக்கி நெருக்கி எழுதியிருக்காரு. இடது பக்கம் காலி. முள்ளு ரெண்டும் வட்டத்துக்கு வெளிய.

முப்பத்திரண்டு வருஷம் கடியாரத்தப் பாத்து வேலை செஞ்சவரு.

மேடத்துக்கு அது யாருன்னு தெரியாது. ரெக்கார்ட்ல முழுப் பேர் எழுதக் கூடாது, "வை., ஆண், எழுபத்தொண்ணு" அவ்வளவுதான் இருக்கும். மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு, "வல்லி, இந்தப் பொண்ணு நல்லாத்தான செஞ்சிருக்கு. மார்க் அப்புறம் பாப்போம். இந்தப் பெரியவரு வீட்ல யாராவது இருக்காங்களா? அவங்களுக்குச் சொல்லணுமே"ன்னாங்க.

நான் மதலைமேரியப் பாத்தேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "இவங்க அப்பாதான் மேடம்"னு. அவளுக்கு நான் போட்டது ஆறு மார்க்கு. வாயே திறக்கல. டெஸ்ட் எடுத்துக்கிட்டவங்க யாருன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுத்ததுதான். அதையும் நோட்டுல எழுதி வச்சிருப்பா.

நான், "ஒரு பொண்ணு இருக்கு மேடம். நான் சொல்லிடுறேன்"னேன்.

பொய் இல்ல. ஒரு பொண்ணு இருக்கு.

அன்னைக்கு வீட்டுக்குப் போனவ பையக் கூட இறக்கி வைக்கல. "அப்பா, சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க"ன்னேன். ஏ ஃபாரத்த எடுத்தேன். ஆமாக்கா, ஏ-தான். அவருக்குப் பழக்கமானதுல எடுத்தாத்தான சரியா இருக்கும்னு நினைச்சேன். நான் போர்டுல எழுதினது என்ன, வீட்ல செய்யறது என்ன, அதெல்லாம் அப்ப மண்டையில ஏறல. "அஞ்சு வார்த்தை சொல்றேன், கவனமாக் கேளுங்க. கிளி"ன்னேன். அவரு, "சாவி, பந்தல், நெய், கடிதம்"னாரு. நான் படிக்கவே இல்ல. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவரு மிச்ச நாலையும் சொல்லிட்டு என்னைப் பாக்குறாரு.

நான் மார்க் போட்டேன்க்கா. அஞ்சுக்கு அஞ்சுன்னு எழுதினேன். வீட்ட வரைஞ்சாரு, கதவு, ரெண்டு ஜன்னல், முன்னாடி ஒரு கேட்டு, எல்லாம் சரி. இருபத்தெட்டு. எழுதி, அடியில கோடு போட்டு, தேதி போட்டு, அலமாரியில வச்சேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

அப்புறம் ஒரு வாரம் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை துணி ஊற வைக்கிறதுக்காக அவரு சட்டைப் பையத் தொழாவுறேன், கத்தையாத் தாளு. தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளு. ஒவ்வொண்ணோட முதுகுலயும் எழுதியிருக்கு. கிளி, சாவி, பந்தல், நெய், கடிதம். கிளி, சாவி, பந்தல், நெய், கடிதம். கொஞ்சம் தாள்ல வீடு. கதவு, ரெண்டு ஜன்னல், கேட்டு. தொண்ணூத்திமூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, அதும் வரிசையா. இருபது தாளாவது இருக்கும். கையெழுத்து தாளுக்குத் தாள் கோணிக்கிட்டே போகுது.

"என்னப்பா இது?"ன்னேன். சின்னப் பிள்ளை பிட்டோட மாட்டின மாதிரி முழிச்சாரு. அப்புறம் சொல்றாரு, "நீ கேக்கும்போது சட்டுனு வர மாட்டேங்குது வல்லி. காலையில எழுதிப் பாத்துக்கிட்டா வருது." எதுக்குப்பா எழுதிப் பாக்கணும், மறந்தா மறந்துட்டுப் போகுதுன்னேன். அதுக்கு அவரு, "நான் கம்மியா எடுத்தா உனக்குல்ல மார்க்கு போயிடும்? நாலு வருஷமாப் படிக்கிற"ங்கிறாரு.

அவரு என்ன நினைச்சிட்டு இருந்திருக்காருன்னா, அது என்னோட பரீட்சைன்னு. ரெண்டு வருஷமா என் பரீட்சைய அவரு எழுதிக்கிட்டு இருந்திருக்காரு.

நான் துணியத் துவைச்சேன். வேற என்ன செய்யறது. எல்லாத் துணியும் துவைச்சேன். துவைச்ச துணியையும் எடுத்துத் துவைச்சேன்.

அந்தப் பொண்ணு ரெக்கார்ட மறுபடி கொண்டாந்து வச்சா. அதுல எதையும் மாத்தல, பதினஞ்ச அப்படியே விட்டிருந்தா. கடைசிப் பக்கத்துல சின்னத் தாள் ஒண்ணு செருகியிருந்துச்சு. "பெரியாஸ்பத்திரியில வியாழக்கிழமை மட்டும் மறதிக்குத் தனியாப் பாக்குறாங்க மேடம். ரெண்டாவது மாடி. பத்து மணிக்குள்ள போனா டோக்கன் கிடைக்கும்." யாருக்குன்னு எழுதல. எனக்குக் கோவம் வந்துச்சு. என்கிட்டப் படிக்கிறவ எனக்கு வழி சொல்றாளான்னு. கிழிச்சுப் போடப் போனேன், கிழிக்கல. பையில வச்சிருந்தேன். நாலு வியாழக்கிழமை போச்சு. ஒரு வியாழக்கிழமை செமினார். ஒரு வியாழக்கிழமை மழை. மத்த ரெண்டு வியாழக்கிழமை என்ன ஆச்சுன்னு இப்ப யோசிச்சாத் தெரியல, ஏதோ ஒரு வேலை.

மார்க்க மாத்திட்டேன்க்கா, அது முந்தாநாளே. பதினெட்டு போட்டேன். மாத்தினா ஆபீஸ்ல காரணம் எழுதிக் குடுக்கணும். "மதிப்பெண் இட்டவரின் பிழை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கிளார்க்கு ரெண்டு தடவை படிச்சுட்டு என்னைப் பாத்தாரு. அவகிட்ட மட்டும் இன்னும் பேசல. வராந்தாவுல எதிர வந்தா. "வணக்கம் மேடம்"னா. வணக்கம்னேன். அப்புறம் அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்பாகிட்ட, கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்குப் போறோம்னுதான் முதல்ல சொன்னேன். அப்புறம் வாசல்ல பூட்டுப் போடும்போது சொன்னேன், கண்ணுக்கு இல்லப்பா, ஞாபகத்துக்குன்னு. "நீ கேக்கிறதத்தான அவங்களும் கேப்பாங்க?"ன்னாரு. ஆமான்னேன். "அப்ப சட்டை வேற போட்டுக்கிறேன்"னு உள்ள போயி இஸ்திரி போட்டதை மாத்திக்கிட்டு வந்தாரு.

எவ்வளவு நேரம் ஆச்சு? இருபது நிமிஷமா? அவ்வளவுதானா?

என்னக்கா சொன்னீங்க? ...சமயபுரத்தாள வேண்டிக்கிறீங்களா? அப்பா எல்லாத்துக்கும் நல்லபடியாப் பதில் சொல்லிட்டு வரணும்னா?

வேண்டாம்க்கா. அப்படி வேண்டிக்காதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஆனா வேண்டாம். நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.

திருவெறும்பூர்லேருந்து பஸ்ல வர்றோம். ஜன்னல் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். சும்மா இருந்திருக்கலாம். வெளிய பாத்துக்கிட்டு வந்திருக்கலாம். நான் ஆரம்பிச்சேன். "அப்பா, இன்னைக்கு என்ன தேதி?" பாத்தாரு. "அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை. சொல்லுங்க." சொன்னாரு. மறுபடி சொல்லுங்க. சொன்னாரு. "நாம போறது எத்தனாவது மாடி? ரெண்டாவது மாடி. சொல்லுங்க." முன் சீட்டுல இருந்தவரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. நான் விடல. "கடியாரம் வரையச் சொன்னா எடுத்ததும் ஒண்ணு ரெண்டுன்னு போடாதீங்க. மேல பன்னெண்டு, கீழ ஆறு, இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒம்பது. அதைப் போட்டுட்டு மிச்சத்தப் போடுங்க." முன் சீட்டு முதுகுல விரலால வட்டம் போட்டுக் காட்டுறேன். அவரும் விரல வச்சுப் போடுறாரு. நாலு தடவை, அஞ்சு தடவை. பாலக்கரை வர்ற வரைக்கும்.

எந்தப் பிள்ளையாவது என் வகுப்புல இதைச் செஞ்சிருந்தா பூஜ்யம் போட்டிருப்பேன். டாக்டர் அதை வச்சுத்தான மருந்து எழுதுவாரு? நல்லா இருக்காரு, போயிட்டு ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டா? நானும் சரின்னு கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்க்கா. சத்தியமாச் சொல்றேன், சந்தோஷமாக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.

இருங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்குங்க. திட்டினாத் திட்டட்டும்.

.

சொல்லிட்டேன்.

தண்ணி இருக்காக்கா? ஒரு வாய் போதும்.

கதவத் தட்டினேன், ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க, அம்பது வயசு இருக்கும். நான் கடகடன்னு சொல்லிட்டேன். நான் இந்தப் படிப்புதான் படிக்கிறேன், தேதியும் மாடியும் கடியாரமும் நான் பஸ்ல சொல்லிக் குடுத்தேன், அந்த மார்க்கக் கணக்குல எடுக்காதீங்கன்னு. அவங்க திட்டல. "அவரே சொல்லிட்டாரும்மா"ன்னாங்க. உக்காந்ததும் முதல் வேலையா அதைத்தான் சொன்னாராம். "எம்பொண்ணு பஸ்ல வரும்போது எல்லாம் சொல்லிக் குடுத்தா. என்ன சொல்லிக் குடுத்தான்னுதான் வர மாட்டேங்குது. அவள வையாதீங்க"ன்னாராம்.

உள்ள இருந்து என்னைப் பாத்தாரு. "வல்லி, நீ வெளிய இரு. இங்க ஆள் இருக்கக் கூடாதாம்"னாரு.

அந்தம்மா இந்த ஃபாரத்தக் குடுத்து அனுப்பினாங்க. வீட்ல கூட இருக்கிறவங்க எழுதுறது. அப்பா முடிச்சிட்டு வர்றதுக்குள்ள எழுதிக் குடுக்கணும். உங்களுக்கும் குடுப்பாங்க, பயப்படாதீங்க, பன்னெண்டு கேள்விதான். எனக்கு இது மனப்பாடம். இருநூறு வீட்ல எழுதி வாங்கியிருக்கேன். முதல் கேள்வியிலயே எல்லாரும் மோட்டுவளையப் பாப்பாங்க. "மறதியை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?" சரியாத் தெரியலையேம்பாங்க. தோராயமாச் சொல்லுங்க போதும்னு அவசரப்படுத்துவேன். எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும்.

ஆகஸ்ட்டுன்னு எழுதலாம்னு பேனாவத் திறந்தேன். அந்தப் பொண்ணு வந்த சனிக்கிழமை. அதுதான் முதல் தடவைன்னுதான் இவ்வளவு நேரமும் உங்ககிட்டச் சொல்லிட்டு வந்தேன்.

அது இல்லக்கா.

போன வருஷம் சித்திரை. எங்கம்மாவோட வருஷத் திதி. சொந்தக்காரங்க கொஞ்சம் பேர் வந்திருந்தாங்க. படையல் முடிஞ்சு இலை போட்டாச்சு. அப்பா கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு. நான் சோறு வச்சுக்கிட்டு வர்றேன். அவரு இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "எல்லாரும் உக்காந்தாச்சு, உங்கம்மா எங்க? அவளையும் வந்து உக்காரச் சொல்லு"ன்னாரு.

அம்மா படத்துக்கு நேரா உக்காந்துக்கிட்டு.

யாருக்கும் காதுல விழல. எனக்கு விழுந்துச்சு. "வர்றாங்கப்பா, நீங்க சாப்பிடுங்க"ன்னேன். குழம்ப ஊத்தினேன். அவரும் சாப்பிட்டாரு.

சித்திரைன்னா ஏப்ரல்தானேக்கா? ஏப்ரல்னு எழுதிடுறேன்.